நெஷ் என்று சொன்னவள்

ஏவிஸ் ராக் ஒருத்தரைப் பார்த்து 'நெஷ்' என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அந்த ஆள் அந்தக் குளிர்காலம் முழுக்க ஓக்கர்பி சந்தைக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்தச் சந்தையில் மீன் விற்றவள் அவள். இங்கிலாந்தில் டெர்பிஷர் பக்கம் அந்தச் சொல்லைத் தெரியாத ஆள் கிடையாது. லேசாகக் காற்று அடித்தால் கழுத்துத் துணியைத் தேடுகிறவன் நெஷ். செப்டம்பரிலேயே கணப்பைப் பற்றவைக்கிறவள் நெஷ். மழையைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிடுகிற நாய் நெஷ். முதல் உறைபனிக்கே கறுத்துச் சாய்ந்துபோகிற டாலியாச் செடிகூட நெஷ்தான். அதைத் திட்டு என்றும் சொல்ல முடியாது, கொஞ்சல் என்றும் சொல்ல முடியாது. கோழை என்றால் சண்டைக்குப் போகலாம், நோஞ்சான் என்றால் கோபித்துக்கொள்ளலாம். நெஷ் என்றால் சிரிக்கத்தான் வேண்டும். சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றிவிட வேண்டும்.

லண்டன் பக்கத்தில் இந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லையாமே என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "எப்படி இருக்கும்? அங்க அத்தன பேரும் அதுதானே!" என்றாள் ஏவிஸ். கடை முன்னால் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். சிரிப்பில்லாமல் அவளுக்கு வியாபாரம் ஓடாது.

அப்பாவிடமிருந்து வந்த கடை அது. கிரிம்ஸ்பி துறைமுகத்திலிருந்து விடியுமுன்னே மீன் வந்து இறங்கும். நொறுக்கிய பனிக்கட்டியைப் பலகையில் பரப்பி, அதன்மேல் காட், ஹாடக் மீன்களை அடுக்கி, நாள் முழுக்க அதற்குள்ளேயே கையை விட்டு அளைந்துகொண்டிருப்பாள். கை இரண்டும் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருக்கும். கையுறையா? மூச்! கையுறை போட்டுக்கொண்டு மீனைத் தொடுவது குடையைப் பிடித்துக்கொண்டு குளிக்கிற மாதிரி என்பாள்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. நவம்பரில் போரில் செத்தவர்களை நினைக்கிற ஞாயிறு வருகிறதே, அது வரைக்கும் கடைக்காரர் யாரும் கையுறை போடக்கூடாது. முதலில் போட்டு அகப்பட்டுக்கொள்கிறவர், பச்சைக் குழந்தைக்குப் பின்னுகிற மாதிரி ரோஜா நிறத்தில் ரிப்பன் வைத்த ஒரு கம்பளிக் குல்லாவைக் காலை முழுக்கத் தலையில் கட்டிக்கொண்டு வியாபாரம் பண்ண வேண்டும். குல்லா ஏவிஸின் கடைக் கொக்கியில் தொங்கும். தீர்ப்புச் சொல்கிறவளும் அவள்தான். அவளை யார் நியமித்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் காய்கறிக் கடை நாரிஸ் டாக் அந்தக் குல்லாவை மாட்டாத வருஷமே குறைவு. அவன் தலையில் அதைப் பார்த்து ஊரே பழகிப் போயிருந்தது.

அவள் புருஷன் ஹெட்லி ஓக்கர்பி நிலக்கரிச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலை பார்த்தவன். அதிராத பேச்சு, அளந்த சிரிப்பு. சுரங்கத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் பாரிட்டோன் என்கிற பெரிய ஊதுகொம்பு வாசிப்பான். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிருவேன், அதான் அவன் என்னைக் கட்டினான்" என்று ஏவிஸ் சொல்லிக்கொள்வாள். சுரங்கத்தை மூடினபோது மற்ற ஆண்கள் கிளப்பில் போய் உட்கார்ந்தார்கள். ஹெட்லி ஒரு வார்த்தை பேசாமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மீன்கடையில் வந்து நின்றான். அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். வெளியில் சொன்னால் அவள் ஏவிஸ் இல்லையே.

"போக்கிடம் இல்லாம வந்து நிக்குது பாரு, ஆறடி உருப்படி!" என்றுதான் நாரிஸிடம் சொன்னாள்.

அந்த அக்டோபரில்தான் அது நடந்தது. ஈரக்காற்று. நவம்பர் பிறக்கவே இன்னும் நாள் கிடந்தது. பெட்டி இறக்கப் போன ஹெட்லியைக் காணோமே என்று ஏவிஸ் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவன் வண்டியில் சாய்ந்து நின்று, ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் ஓடியாங்க! சுரங்கத்துச் சிங்கத்துக்குக் குளிருதாம்!"

"விளையாடாத ஏவிஸ்," என்றான் தாழ்ந்த குரலில். "விரலு சரியில்ல."

"விரலுக்கு என்ன வந்துச்சு? நெஷ்ஷு வந்திருக்கு! எடு நாரிஸ் அந்தக் குல்லாவ!"

நாரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் தன்னைத் தவிர இன்னொரு தலை கிடைத்திருக்கிறதே! குல்லாவைக் கொண்டுவந்து நீட்டினான். ஏவிஸ் புருஷனின் தாடைக்குக் கீழே ரிப்பனைச் சுருக்குப் போட்டுக் கட்டினாள். ரொட்டிக் கடைப் பெண்கள், சீஸ் விற்கிறவர், பை தூக்கி வந்த கிழவிகள் என்று மொத்தச் சந்தையும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

"பாப்பா பால் குடிச்சாச்சா?" என்றான் நாரிஸ்.

"குடிச்சாச்சு. உனக்குத்தான் மிச்சம் வைக்கல," என்றான் ஹெட்லி. ரிப்பனோடு ஹாடக்கைத் துண்டு போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். வெறுங்கையால்தான். ஏவிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கேலியைத் தாங்குகிற ஆம்பளை, மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாத ஆம்பளை என்று மனசுக்குள் பெருமைகூடப் பட்டாள். அட, அவள் அவனை நேசிக்காமல் இல்லை.

அதற்குப் பிறகு ஹெட்லி ராக் வாயிலிருந்து குளிர் என்ற பேச்சே வரவில்லை.

டீக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பான். நெடுநேரம் நிற்பான். "டீயக் குடிக்கிறியா, தாலாட்டுறியா?" என்பாள். காலையில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். "கல்யாணத்துக்கா கிளம்புற? சீக்கிரம் வாய்யா!" என்பாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வாத்தியக் குழு வழக்கம்போலச் சதுக்கத்தில் பனியில் நின்று பாட்டு வாசித்தது. ஹெட்லி போகவில்லை. பாரிட்டோனைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். கேட்டதற்கு, "உதடு ஒத்துழைக்கல" என்றான். சுரங்கம் போன துக்கம், வாத்தியத்தைத் தொட்டால் அந்த ஞாபகம் வருகிறது போல என்று ஏவிஸ் தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, அதற்காக அவனிடம் நாலு நாள் அன்பாகக்கூட நடந்துகொண்டாள். உதட்டுக்கும் விரலுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு எங்கே தெரிந்தது!

பல குளிர்காலங்கள் இப்படியே போயின. ஒருநாள் ஹெட்லி பெரிய மீன் ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தான், வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் வானிலையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே. அந்தப் பெண் வீலென்று கத்தினாள். ஏவிஸ் திரும்பிப் பார்த்தால் பனிக்கட்டி முழுக்கச் சிவப்பு.

"கைய்யா! கையப் பாருய்யா!"

அவள் சொன்ன பிறகுதான் ஹெட்லி குனிந்து பார்த்தான். கத்தி விரலில் ஆழமாக இறங்கியிருந்தது. அவன் முகத்தில் வலி இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் அது. விரல்கள் நாலும் கணுவரைக்கும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன. ஏவிஸ் இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்ததில்லை. அவள் திரும்பும்போதெல்லாம் அவன் கையைப் பனிக்கட்டிக்குள்ளோ பைக்குள்ளோ விட்டிருந்தான்.

தையல் போட்ட மருத்துவர் இளம் பெண். காயத்தை விட்டுவிட்டு மற்ற விரல்களின் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"எத்தன வருஷமா இப்படி வெளுக்குது?"

ஹெட்லி முதலில் ஏவிஸைப் பார்த்தான். அப்புறம்தான், "எப்பவாச்சும்," என்றான்.

"சுரங்கத்துல துளை போட்டீங்களா? அந்த அதிர்வு ரத்தக் குழாயையும் நரம்பையும் தின்னுடும். இதுக்குன்னு மருந்து கிடையாது. கையச் சூடா வச்சுக்கணும், குளிர்ல காட்டவே கூடாது. இப்ப என்ன வேலை பாக்குறீங்க?"

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மீன்கடை," என்றாள் ஏவிஸ். "ஐஸ்ல கைய வச்சு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குத் தாங்கவில்லை. "ஏன்யா சொல்லல?"

"சொன்னேனே."

"எப்பச் சொன்ன?"

"சொன்னேன்," என்றுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான் ஹெட்லி.

எப்போது என்று ஏவிஸுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வண்டிக்குப் பின்னால், 'விரலு சரியில்ல' என்று அவன் சொல்லியிருந்தான். அதற்குத்தான் அவள் ரிப்பன் கட்டினாள்.

மறுநாள் நாரிஸிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் தக்காளியை அடுக்கிக்கொண்டே, "அட, அது நம்ம சுரங்கத்து ஆளுங்க பாதிப் பேருக்கு இருக்கே ஏவிஸ். எல்லாரும் பரிசோதனைக்குப் போய்ட்டு வந்தாங்களே. ஹெட்லியக் கூப்பிட்டா, அதெல்லாம் நெஷ் பசங்களுக்குன்னு சொல்லிட்டான். உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்றான்.

"சொல்லல."

"எப்படிச் சொல்லுவான்..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்கே அந்தக் குல்லாவைக் கொக்கியிலிருந்து எடுத்து மீன் செதிலோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள். அடுத்த ஊர் வரை போய் ஆட்டுத்தோலில் உட்புறம் ரோமம் வைத்த நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கிவந்தாள். ஹெட்லி வாங்கிப் பார்த்தான், தடவிப் பார்த்தான், "நல்லா இருக்கு. தேவப்பட்டா போட்டுக்கிறேன்" என்று இழுப்பறையில் வைத்தான். அங்கேயே கிடந்தது. வீட்டில் இரு என்றாள், கடைக்கு வந்தான். கல்லாவில் உட்கார் என்றாள், அவள் அந்தப் பக்கம் திரும்பினதும் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஏவிஸ் திட்டினாள், கெஞ்சினாள், ஒருநாள் கடைக்குப் பின்னால் நின்று அழக்கூடச் செய்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அவன் அவளிடம் 'குளிருது' என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும், அவள் பாவத்தில் பாதி கழிந்துவிடும் போல இருந்தது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது. ஒரு சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே முயன்று பார்த்தாள்.

"ஹெட்லி, அன்னிக்கு அந்தக் குல்லா... நான் பண்ணது ரொம்பத் தப்புய்யா."

"எந்தக் குல்லா?" என்றான் ஹெட்லி. சிரித்த முகத்தோடுதான் கேட்டான். அதற்கு மேல் அவள் எங்கே போவது?

கடைசியாக ஒன்று செய்தாள். ஆகஸ்ட் மாதம், வெயில் சுள்ளென்று அடிக்கிற சனிக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், தடித்த கம்பளிக் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு கடையில் வந்து நின்றாள். ஏவிஸ் ராக்! கையுறையோடு! சந்தை ஒரு நிமிஷம் வியாபாரத்தையே மறந்துவிட்டது.

"என்ன ஏவிஸ், காய்ச்சலா?" என்றான் நாரிஸ்.

"காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குக் குளிருது. நான் நெஷ். எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் நெஷ்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்தியது ஊருக்கு, பார்த்தது புருஷனை. எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். இவ்வளவு வருஷம் வாங்கினதையெல்லாம் நாரிஸ் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கட்டும் என்று நின்றாள். இப்போதாவது இவன் தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொள்வானா, இருவருமாக நின்று கேலி வாங்கிக்கொள்ளலாமே என்று இருந்தது அவளுக்கு.

ஹெட்லி ஒரு காட் மீனைக் காகிதத்தில் சுற்றினான். "உனக்கு வயசாயிருச்சு," என்றான் அன்பாக. பிறகு அடுத்த மீனை எடுக்கப் பனிக்கட்டிக்குள் வெறுங்கையை விட்டான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் முயலவில்லை. கடையை விற்கிற வரைக்கும், விற்ற பிறகும், அவள்தான் அறைக்கு அறை கணப்பை ஏற்றிவைத்து, "எனக்குக் குளிருதுய்யா, அதான்" என்று பொய் சொல்லி அவனைச் சூடாக வைத்திருந்தாள். அவனும் "நீ நெஷ்ஷாயிட்ட ஏவிஸ்" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தான். அது ஒன்றுதான் அவர்கள் செய்துகொண்ட சமாதானம்.

ஹெட்லி நிலக்கரித் தூசி நெஞ்சில் தங்கினவன். ஒரு ஜனவரியில் மூச்சு ஏறி இறங்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளரை விடுவார்கள். ஏவிஸ் தினமும் பஸ் பிடித்துப் போவாள். ஜன்னலோரக் கட்டில். அங்கே அவளால் பொய் சொல்லிக் கணப்பை ஏற்ற முடியாது.

"குளிருதா?"

"இங்கயா? அடுப்புல வச்ச மாதிரி இருக்கு."

மெல்லிய விரிப்பின்மேல் கிடந்த அவன் விரல்கள் வெள்ளையும் நீலமுமாக இருந்தன. அவள் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று அதைத் தள்ளப் போய், இருமல் பிடித்து, முகம் கறுத்து, நர்ஸ் ஓடிவரும்படி ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவள் கோட்டைக் கழற்றவில்லை.

எஃபுவா என்ற அந்த நர்ஸ் கானா நாட்டுப் பெண். சீருடைக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருப்பாள், "என்ன ஊருங்க இது, ஐயோ" என்று கையைத் தேய்த்துக்கொண்டே நடப்பாள். ஹெட்லிக்கு அவளைப் பார்த்தாலே முகம் மலரும்.

ஒருநாள் பஸ் சீக்கிரமே கொண்டுவந்து இறக்கிவிட்டது. காத்திருக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லாததால் ஏவிஸ் நேராக உள்ளே நடந்தாள். கட்டிலைச் சுற்றித் திரை பாதி இழுத்திருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால், ஹெட்லி கழுத்துவரை இரண்டு தடித்த போர்வை போர்த்திக் கிடந்தான். எஃபுவா மேல் போர்வையை உருவி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்மா, அவ வந்துருவா," என்றான் ஹெட்லி.

"தினமும் இதே கூத்து. இருக்கட்டுமேங்க, மிஸ்டர் ராக். நடுங்குறீங்க. அவங்க பாத்தா என்ன ஆயிரும்?"

"ஒண்ணும் ஆகாது. அவ முன்னாடி நெஷ்ஷாகாம இத்தன வருஷம் தாக்குப் பிடிச்சுட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே."

"நெஷ்னா என்னங்க?"

"அது உனக்கு வேண்டாம்மா," என்றான் ஹெட்லி. "நல்ல பொண்ணா இருக்க."

ஏவிஸ் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். தாழ்வாரத்தில் வந்து நின்றாள். உள்ளே ஓடிப்போய் அந்தப் போர்வையைப் பிடுங்கி அவன்மேல் போர்த்த வேண்டும் போலிருந்தது. போர்த்தினால் தள்ளுவான், இருமுவான். அல்லது தள்ளாமல் தோற்றுப்போய்ப் படுத்திருப்பான், அது இன்னும் கொடுமை. அவள் அங்கே இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவன் குளிரில் கிடக்கிறான். இது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

நேரமானதும் உள்ளே போனாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள், அடுப்பில் வைத்த மாதிரி என்றான். கொஞ்சம் உட்கார்ந்தாள். எழுந்துவிட்டாள்.

"இன்னிக்கு பஸ் சீக்கிரம் போயிரும்யா. வரேன்."

"இப்பத்தானே வந்த?"

"நாளைக்கு வரேன்."

வழியில் எஃபுவாவின் கையைப் பிடித்து, "நான் போறேன். நீ போ அவன்கிட்ட," என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் ஒரு சாக்கு. நாரிஸுக்கு முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய்க்குச் சோறு வைக்கணும், கொதிகலன் பார்க்க ஆள் வருகிறான். போவாள், நெற்றியில் முத்தம் வைப்பாள், கிளம்பிவிடுவாள்.

"என்னைப் பாக்க உனக்கு நேரமே இல்ல," என்றான் ஹெட்லி ஒருநாள். கேலியாகத்தான் சொன்னான். கேலி மாதிரி இல்லை.

"ஆமா, நீ என்ன பெரிய அழகா, உக்காந்து பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள் ஏவிஸ். படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் கிளம்பி வந்து, வீட்டுக்குள் நுழைந்து கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை, தொலைபேசி அடித்தது. எஃபுவா. அவள் பேச ஆரம்பித்த விதத்திலேயே ஏவிஸுக்குத் தெரிந்துவிட்டது. அமைதியாகத்தான் போனார், நீங்கள் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், தூங்குகிற மாதிரி என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

"போர்வ போத்தியிருந்துச்சா?" என்று கேட்டாள் ஏவிஸ்.

"ரெண்டும் போத்தியிருந்துச்சும்மா."

"சரி," என்றாள். அன்றைக்கு அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு கோப்பை டீ ஆறுகிற நேரம்கூட இருக்காது.